அம்மா என்று எப்போது கூப்பிடுவாள்?

இந்த வாரம், தத்தெடுத்த பெற்றோரின் கேள்விகள் மட்டும். குழந்தைகளின் கதை குழந்தைகளுக்கே சொந்தம் என்பதால் பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: ஒன்றரை வயது மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே தாவுகிறாள். “எவ்வளவு சமத்து!” என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. (ஈரோடு)

பதில்: உறுத்தியது நல்லது. ஒன்றரை வயதுக் குழந்தை புதுமுகத்தைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிய வேண்டும். குழந்தைகள் இல்லத்தில் காலையில் ஓர் ஆயா, இரவில் வேறொருவர். எல்லோரும் தூக்கினார்கள், யாரும் தங்கவில்லை. அதனால் அவளுக்கு எல்லோரும் ஒன்றுதான். “இவர்கள்தான் என் ஆட்கள்” என்று அவள் பிரித்தறிய வேண்டுமானால், ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது ஆகியவற்றைச் சில மாதங்களுக்கு நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். மற்றவர்கள் விளையாட்டுக் காட்டட்டும், கொஞ்சட்டும். பசி என்றாலும் வலி என்றாலும் குழந்தை உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து முகம் சுளித்து உங்கள் தோளில் புதைந்துகொள்வாள். அன்று வீட்டில் பாயசம் வையுங்கள்.

கேள்வி: ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நாங்கள் இருவர் மட்டுமே என்பதை என் மாமியாரிடம் எப்படிச் சொல்வது? “பேரனைத் தூக்கக்கூட எனக்கு உரிமையில்லையா?” என்று அழுகிறார். (மதுரை)

பதில்: உங்கள் கணவர் சொல்லட்டும். “அம்மா, இவளுக்குப் பிரசவம் ஆகியிருந்தால் பத்தியம் சமைத்துப் போட்டு, பிள்ளையோடு அறையை விட்டு அசையாதே என்று சொல்லியிருப்பாய். இப்போதும் அதையே செய்.” தத்தெடுத்தவளுக்கு யாரும் பத்தியம் சமைப்பதில்லை. அவளுக்கும்தான் ராத்தூக்கம் இல்லை, அவளுக்கும்தான் இடுப்பு நோகிறது.

கேள்வி: குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. அடுத்த மாதமே வைக்கலாமா? (விருதுநகர்)

பதில்: வேண்டாம். முந்தாநாள் அறிமுகமான தாய்மாமன் மடி, கத்தி, ஊசி, சுற்றிலும் நூறு முகங்கள். பயந்து திரும்பிப் பார்க்கக் குழந்தைக்கு ஒரு முகமாவது பழகியிருக்க வேண்டும். குலதெய்வம் ஒரு வருடம் பொறுக்கும்.

கேள்வி: நான்கு வயது மகன் இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். வயிறு நிறையத்தான் போடுகிறோம். (கோவை)

பதில்: கேலி வேண்டாம், எறும்பு வரும் என்ற பிரசங்கமும் வேண்டாம். நாளைக்கு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று சேர்த்து வைக்கிறான். அவன் கைக்கு எட்டும் உயரத்தில் அவனுக்கென்று ஒரு டப்பா வையுங்கள். முறுக்கு, பிஸ்கட், வாழைப்பழம் எதுவானாலும் சரி, காலியாகும் முன்பே, அவன் கேட்காமலே நிரப்புங்கள்.

கேள்வி: மகன் விழுந்தாலும் அழுவதில்லை. நல்ல பிள்ளைதானே? (நாகர்கோவில்)

பதில்: அழுதும் யாரும் வராத இடத்தில் குழந்தை அழுவதை விட்டுவிடும். லண்டன் மருத்துவமனை ஒன்றில் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் படமாக்கி 1952-இல் காட்டினார். அமைதியாகிவிட்ட குழந்தை தேறிவிட்டது என்றுதான் அப்போது மருத்துவர்களே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகன் அழாவிட்டாலும் ஓடிப்போய்த் தூக்குங்கள், வலிக்கிற இடத்தை ஊதிவிடுங்கள். அழுதால் ஆள் வரும் என்பதை அவன் இனிமேல்தான் கற்க வேண்டும்.

கேள்வி: “என்ன இருந்தாலும் ரத்த பாசம் வருமா?” என்கிறார்கள் உறவினர்கள். (சென்னை)

பதில்: கணவனும் மனைவியும் எந்த ரத்தத்தால் ஒட்டினார்கள்? ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். எந்த உறவும் இல்லாத அந்தப் பெற்றோரிடம் குழந்தைகள் பலர் ஒட்டிக்கொண்டார்கள். இல்லத்திலேயே தங்கியவர்கள் பின்தங்கினார்கள். இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்தவர்களுக்குப் பலன் அதிகம். உறவினர் பேச்சுக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் தயங்கும் தம்பதிகளுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: தத்துப் பிள்ளை என்பதை எந்த வயதில் சொல்வது? (திருச்சி)

பதில்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் படும் பாடுதான் கதை. தூளி ஆட்டும்போதே சொல்லத் தொடங்குங்கள். குழந்தைக்குப் புரியாது, ஆனால் உங்கள் நாக்கு பழகிவிடும். பின்னாளில் பெற்றவளைப் பற்றிக் கேட்டால் உங்கள் முகம் மாறக் கூடாது. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை இட்டுக்கட்டாதீர்கள்.

கேள்வி: ஆறு வயது மகள். எட்டு மாதமாகிறது. என் கணவரை அப்பா என்கிறாள். என்னைக் கடிக்கிறாள், அம்மா என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. நேற்று ஆத்திரத்தில் “கொண்டுபோய் விட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டேன். நாங்கள் தவறு செய்துவிட்டோமா? (தஞ்சாவூர்)

பதில்: முதலில் அந்த வாக்கியம். இன்றே அவளை உட்கார வைத்து, “நேற்று நான் சொன்னது தப்பு. உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன்” என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தைக்கு அது வெறும் மிரட்டலாகக் கேட்காது.

இல்லத்தில் அவளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். பழகியவர்கள் ஒவ்வொருவராக மறைந்திருப்பார்கள். நீங்களும் போய்விடுவீர்களா என்று சோதிக்கிறாள். அப்பா அவளுக்குப் புதிது, அவர்மேல் பழைய கணக்கு இல்லை. கடித்தால் கையை விலக்கிக்கொள்ளுங்கள், தனி அறையில் மட்டும் அடைக்காதீர்கள். கோபம் தணியும்வரை அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருங்கள். சுமுகமாகப் பழகும் தாய்க்கும் சேய்க்கும் இடையிலும் பாதி நேரத்துக்குமேல் ஒத்துப்போவதில்லை என்று உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் கண்டார். விலகியபின் மறுபடி சேர்வதில்தான் நம்பிக்கை வளர்கிறது.

தலை பின்னிவிடும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுக்கும்போது உங்கள் கை அவள்மேல் இருக்கும், கண் இருக்காது. முகம் பார்க்கக் கூசும் பிள்ளைகள் அப்போதுதான் வாய் திறப்பார்கள். ‘அம்மா’வைக் கேட்டு வாங்காதீர்கள்.

உங்களுக்கும் உதவி வேண்டும். குழந்தை வந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தத்தெடுப்பு மையத்தின் சமூகப் பணியாளர் நிலைமையை அறிந்து அறிக்கை தருவது விதி. அவருக்குக் காபி கொடுத்து “எல்லாம் நல்லாயிருக்கு” என்று அனுப்பிவிடுவது பல வீடுகளில் வழக்கம். அவர் குறை கண்டுபிடிக்க வருபவர் அல்ல. குழந்தை ஒட்டாமல் தவிக்கும்போது ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது மையத்தின் பொறுப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் கேட்கலாம். அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போன் செய்து, எனக்கு எழுதியதை அப்படியே அந்தப் பணியாளரிடம் சொல்லுங்கள்.