துருப்பிடிக்காத கோவை

பராமரிப்புக் குழுத் தலைவர் அவர்கட்கு,
பல்லேகலப் பக்கமுள்ள, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தொழிற்பயிற்சி நிலையம்.

கனம் ஐயா,

தங்கள் நிலையத்து மேசைவாளைத் தாங்கள் பராமரிக்கும் அழகை வியந்து, பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மரவேலை பாஸ் எழுதிக்கொள்வது.

முதற் பாராட்டு கோவைக்கு. நிதிப் பிரமாணப்படி நடக்கும் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் 'மேசைவாள் 1, உண்டு' என்று ஆண்டு தவறாமல் பதிந்திருக்கிறீர்கள். உண்டுதான் ஐயா. மேசையில் துரு உண்டு, பல்லில் பிசின் உண்டு, அடியில் சிலந்தியும் உண்டு. அவைதான் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை.

அடுத்தது வாளின் காவல் மூடி. பாவித்தால் உடைந்துவிடும் என்று அதைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். வாளுக்குப் பின்னால் நின்று, வெட்டிய பலகை வாளைக் கவ்வாமல் தடுக்கும் தகடும் உறை பிரியாமல் அங்கேயே இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பிடச் சொல்கிறது. தாங்கள் காப்புக்கே காப்பிட்டுவிட்டீர்கள்!

வாளைத் துடைக்கவா என்று பயிற்சி பெறும் பையன்கள் கேட்டதற்கு, விலைமனுக் கோரிக் கம்பனிக்காரர் வரும்வரை தொடக்கூடாது என்று உத்தரவாம். துடைக்கத்தான் தடை, வெட்டத் தடையில்லை.

பைனஸ் பலகை வெட்டினால் பல்லில் பிசின் கறுத்துப் படியும். பிசின் ஏறிய பல் வெட்டாது, உராயும். உராய்ந்தால் பலகை கருகும். பையன் இன்னும் அழுத்தித் தள்ளுவான். அழுத்திய கை வழுக்கினால் எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பனிக்காரர் வந்து என்ன செய்வார்? பிளக்கைக் கழற்றுவார். வாள் சுழலும் பக்கமாகவே நட்டைத் திருப்பி வாளை எடுப்பார். சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஈரம் போகத் துடைப்பார். வார்ப்பிரும்பு மேசைக்குக் கண்டி மழை ஆகாது. நைசான அரத்தாளால் துருவை எடுத்து மெழுகு பூசுவார். எண்ணெய் பூசமாட்டார், பூசினால் மரத்தூள் ஒட்டிக் களியாகும். வாளை ஏற்றி இறக்கும் பற்சக்கரத்தில் இறுகியிருப்பதும் அந்தக் களிதான். கோவையில் 'கைப்பிடி பழுது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது பழுதல்ல, அழுக்கு.

தூளை வாயால் ஊதும் பழக்கத்தையும் தங்கள் குழு கண்டுகொள்வதில்லை. தூசி உறிஞ்சிக்கு அனுமதி வேண்டும், மூச்சுக்கு வேண்டாமே! மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. அந்தச் சுற்றறிக்கை மட்டும் இன்னும் பல்லேகல வந்து சேரவில்லை போலும்.

விரல் பட்ட மாத்திரத்தில், 5 மில்லிசெக்கனுக்குள் நின்றுவிடும் 'சோஸ்டொப்' வாள் அமெரிக்காவில் விற்கிறார்கள். அதை வாங்கித் தரும்படி கேட்கவில்லை, ஐயா. களஞ்சியச் சாவியைப் போதனாசிரியரிடம் கொடுங்கள். ஒரு பிரஷ், ஒரு டின் மெழுகு, சனிக்கிழமையில் அரை மணி நேரம். இவற்றுக்கு விலைமனு வேண்டாம் என்று ஒரு வரி எழுதி ஒப்பமிடுங்கள். பையன்களின் விரல்கள் தங்கள் பொருட்கணக்கெடுப்பில் இல்லை. குறைந்தால் மாற்றித் தரக் களஞ்சியத்திலும் இல்லை.

இப்படிக்கு,
பத்து விரலோடு தொழில் செய்யும் ஒரு பாஸ்