காய் நகர்த்தும் கை

1997 மே மாதம் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ கணினி, நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. ஆனால் காயை எடுத்து வைக்க ஒரு மனிதர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். பெரியவர்களுக்கு வியர்க்கும் கணக்கு இயந்திரத்துக்குச் சுலபம், ஒரு வயதுக் குழந்தையின் பார்வையும் அசைவும் அதற்கு மலை என்று ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதிவிட்டார். மொராவெக் முரண் என்பது இதைத்தான். அதெல்லாம் பழைய கதை, இப்போது ரோபோ கையே காய் நகர்த்துகிறதே என்பீர்கள். நகர்த்துகிறதுதான், மறுக்கவில்லை. 2022 ஜூலையில் மாஸ்கோ போட்டியொன்றில் அப்படியொரு கை, ஏழு வயதுப் பையனின் விரலைப் பிடித்து அழுத்தி எலும்பை முறித்தது. சுற்றியிருந்தவர்கள் ஓடிவந்து விடுவித்தார்கள். பையன்தான் அவசரப்பட்டு விதியை மீறினான் என்று விளக்கம் வந்தது. மறுநாள் அவன் கட்டுப்போட்ட கையோடு ஆடினான். நகர்த்தல்களைக் குறித்துக்கொடுக்க மனிதர்களே உதவினார்கள்.