அடுத்த கேள்வியை ஆப் எப்படி எடுக்கிறது?

சரியாகப் பதில் சொன்ன கேள்வியையே ஆப் திரும்பத் திரும்பக் கேட்கிறது. நம்பிக்கை இல்லையா அதற்கு?
– நீட் மாணவி, தருமபுரி

உங்கள் மேல் நம்பிக்கை உண்டு, மறதியின் மேல்தான் பயம். நீங்கள் மறக்கப்போகும் நாளைக் கணித்து, அதற்குச் சற்று முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது மெதுவாகத்தான் போகிறது.

இதைக் கணினிக் கணக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக். 1987-ல் அவர் வகுத்த முறை இது. முதல் முறை சரியாகச் சொன்னால் 1 நாள் கழித்துக் கேள். அடுத்த முறையும் சரி என்றால் 6 நாள் கழித்து. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளியை ஏறத்தாழ இரண்டரையால் பெருக்கு. 6 நாள் 15 ஆகும், 15 நாள் 38 ஆகும். யோசித்துத் தடுமாறிச் சொன்னால் பெருக்கும் எண் குறையும். தவறினால் மறுபடி 1 நாளிலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் பலர் பயன்படுத்தும் ஆன்கி செயலி இந்தக் கணக்கில் வளர்ந்ததுதான். 2023 முதல் அதில் இன்னொரு கணக்கும் உண்டு. அது உங்கள் பழைய பதில்களைப் பார்த்து உங்கள் மறதிக்கு ஏற்றபடி இடைவெளியை அமைக்கிறது.

அதனால் மூன்றாம் முறை வந்த கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். 'அது என்ன... ஆங், ஞாபகம் வந்துவிட்டது' என்று ஒரு நொடி திணறுகிறீர்களே, படிப்பு ஏறுவது அந்த நொடியில்தான்.

ஒரு கேள்வி 'கடினம்' என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஆசிரியரா, இயந்திரமா?
– இயற்பியல் ஆசிரியர், நாமக்கல்

உங்கள் மாணவர்கள்தான், சார். கேள்வி எழுதியவர் ஒட்டும் 'எளிது, நடுத்தரம், கடினம்' என்ற சீட்டு ஆரம்பத்துக்கு மட்டும்தான். பிறகு எத்தனை பேர் தவறினார்கள், தவறியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை வைத்துக் கடினம் கணக்கிடப்படுகிறது.

சில செயலிகள் இதற்குச் செஸ் ரேட்டிங்கையே எடுத்துக்கொண்டன. அர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்து, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்ட அதே கணக்கு. பலகையின் ஒரு பக்கம் மாணவர், மறுபக்கம் கேள்வி. மாணவருக்கு 1200, கேள்விக்கு 1400 என்று வையுங்கள். மாணவர் ஜெயிக்க 24 சதவீத வாய்ப்புதான். ஒரு ஆட்டத்துக்கு 32 புள்ளி உச்சவரம்பு என்றால், ஜெயித்ததும் அவர் சுமார் 24 புள்ளி ஏறுவார், கேள்வி அதே அளவு இறங்கும். தோற்றால் அவருக்கு நஷ்டம் சுமார் 8 புள்ளிதான். இப்படி ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகு கேள்விக்கும் ஒரு நிலையான ரேட்டிங் வந்துவிடும்.

இதில் ஆசிரியர்கள் கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விடைக்குறிப்பு தவறான கேள்விகூட 'மிகக் கடினம்' என்ற பட்டத்தோடு மேலே ஏறிவிடும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே அதிகம் தவறினால், முதலில் கேள்வியைச் சந்தேகப்படுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை மொழிபெயர்ப்பு புரியாமல் தவறினாலும், அது இயற்பியல் தெரியாத கணக்கில்தான் சேரும். பிறகு செயலி அவருக்கு எளிய கேள்விகளாகவே எடுத்துப் போடும். தெரிந்த பிள்ளையைக் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதற்கு இது சமம். தமிழில் கேள்வி தரும் எந்த நிறுவனமும் இரண்டு மொழிப் பதில்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

கண்ணை மூடிக்கொண்டு 'சி' போட்டால் ஆப் ஏமாறுமா?
– பிளஸ் டூ மாணவன், திண்டுக்கல்

ஒரு கேள்விக்கு ஏமாறும், பத்துக் கேள்விக்கு ஏமாறாது. குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு எவ்வளவு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட்டும் ஆண்டர்சனும் 1990-களிலேயே வகுத்துவிட்டார்கள்.

தேர்வு அறையில் ஊகிப்பது வேறு, தம்பி. நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. இரண்டு விடையை நீக்க முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து போடலாம். பயிற்சியில் ஊகித்து ஜெயித்தால், அந்தக் கேள்வி உனக்குத் தெரியும் என்று பதிவாகி, பல நாளைக்கு உன் கண்ணிலேயே படாது. தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடு.

பாடவாரியாகப் போட்டால் 90 வருகிறது, கலந்து போட்டால் 60-தான். எதில் பயிற்சி எடுப்பது?
– குரூப் 4 தேர்வர், விருதுநகர்

60 வருவதில்.

காரணம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 'கூட்டுவட்டி' என்ற தலைப்பின் கீழ் 30 கணக்கு இருந்தால், எந்தச் சூத்திரம் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். தலைப்பு பாதி விடையைச் சொல்லிவிடுகிறது, மீதி வெறும் பெருக்கல். தேர்வில் 'ஒரு தொகை 2 ஆண்டில் இவ்வளவு, 3 ஆண்டில் இவ்வளவு' என்று மட்டும்தான் வரும். தனிவட்டியா கூட்டுவட்டியா என்று கண்டுபிடிப்பதற்கும் அங்கே மதிப்பெண் இருக்கிறது.

அமெரிக்காவில் ரோரரும் டெய்லரும் 2007-ல் இதைச் சோதித்தார்கள். நான்கு வகைக் கனவடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகள். வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம் எடுத்தார்கள். கிட்டத்தட்ட உங்கள் மதிப்பெண்ணேதான்! ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது கலந்து போட்டவர்கள் 63, வகைவாரியாகப் போட்டவர்கள் 20.

புதுப் பாடம் என்றால் முதல் நான்கைந்து கணக்கை வரிசையாகப் போட்டுப் பழகுங்கள், தப்பில்லை. அதன் பிறகு செயலியில் 'கலந்து' என்ற பொத்தானைத் தட்டுங்கள்.

வீடியோவை மறுபடி பார்ப்பதா, கேள்வி போடுவதா?
– ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுபவர், கடலூர்

கேள்வி. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

85 சதவீதம் சரியாக வரும்படி ஆப் கேள்வி கேட்டால்தான் படிப்பு ஏறுமாமே?
– பொறியியல் மாணவர், கோவை

அந்த எண் 2019-ல் வந்த ஒரு ஆய்விலிருந்து வருகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கற்கும் கணினி மாதிரிகளுக்கான கணக்கு அது. நீட் வேதியியலுக்கு அப்படியே பொருந்தும் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

காய்ச்சலில்கூட 'ஸ்ட்ரீக் போயிடும்' என்று மகள் ஆப்பைத் திறக்கிறாள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

கஞ்சி கொடுத்துத் தூங்கச் சொல்லுங்கள் அம்மா. ஸ்ட்ரீக் என்பது செயலியை விடாமல் தொடர்ந்து திறந்த நாட்களின் எண்ணிக்கை. இடைவெளிக் கணக்குக்கு ஒருநாள் விடுபட்டால் ஒரு சேதமும் இல்லை, மறுநாள் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும். சந்தா கட்டும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று: அது காட்டும் பாராட்டெல்லாம் திறந்ததற்கா, நேற்றுத் தவறியதை இன்று சரியாகச் சொன்னதற்கா? குழந்தையைத் திறக்கவைப்பதே குறியாக இருக்கும் இடத்தில், மனம் நோகாதபடி எளிய கேள்விகளாகவே வந்துகொண்டிருக்கும்.

ஆப்பில் நன்றாகப் போகிறது, மாதிரித் தேர்வில் நேரம் போதவில்லை.
– குரூப் 4 தேர்வர், தென்காசி

செயலி உங்கள் அளவுக்கு ஏற்ற கேள்வியாகப் பார்த்து எடுத்துத் தருகிறது. அமெரிக்காவின் ஜி.ஆர்.இ. தேர்வும் 2011 முதல், முதல் பகுதியில் நீங்கள் செய்ததைப் பார்த்து அடுத்த பகுதியின் கடினத்தை மாற்றுகிறது. குரூப் 4-ல் அப்படி இல்லை, எல்லோருக்கும் ஒரே தாள். 200 கேள்வி, 3 மணி நேரம், கேள்விக்கு 54 விநாடி. எதை விட்டுவிட்டு நகர்வது என்ற முடிவை இத்தனை நாள் செயலியே உங்களுக்காக எடுத்துவந்தது. அந்தப் பழக்கம் உங்களுக்கு வரவில்லை. கடைசி இரண்டு மாதம் வாரம் ஒரு முழுத்தாள் எழுதுங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் தளத்திலேயே இருக்கின்றன. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பும் நேரத்தையும் சேர்த்தே கடிகாரம் வையுங்கள்.

வீட்டில் ஒரே போன். நானும் தம்பியும் ஒரே கணக்கில் கேள்வி போடுகிறோம்.
– பிளஸ் ஒன் மாணவி, ராமநாதபுரம்

உங்கள் இருவரையும் கலந்து, இல்லாத ஒரு மூன்றாவது மாணவரை உருவாக்கி, அவருக்குத்தான் செயலி பாடம் நடத்துகிறது. முதலில் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள்.

போன் கிடைக்காத நேரத்துக்கு ஒரு பெட்டி போதும். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் தன் ஜெர்மன் புத்தகத்தில் விளக்கிய முறை இது. பழைய நோட்டு அட்டையை வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதிக்கொள்ளுங்கள். செருப்புப் பெட்டியில் ஐந்து அறை தடுத்து, எல்லா அட்டையையும் முதல் அறையில் போடுங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. தம்பிக்கு வேறு பெட்டி.