உறையியல்: ஒரு முதற்கட்ட ஆய்வறிக்கை

வாங்கிய பொருள் வாங்கிய நிலையிலேயே இருப்பதற்காக, வாங்கியவரே அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு உறை என்று பெயர். நாற்காலி, மெத்தை, மணமகன் வீட்டார் தந்த சூட்கேஸ் எனப் பலவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும், இந்த ஆய்வு மின்சாரமோ பேட்டரியோ தொட்ட பொருள்களோடு நின்றுகொள்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் அறிக்கைக்கே ஒரு உறை தைக்க வேண்டிவரும்.

வகைப்பாடு

உறை நால்வகைப்படும்.

முதலாவது, பிறப்புறை. தொழிற்சாலையிலேயே ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். டிவி விளிம்பு, ஃபிரிட்ஜ் கைப்பிடி, வாஷிங் மெஷின் பொத்தான் பலகை ஆகியவை இதன் வாழ்விடங்கள். உரித்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லி ஒரு மூலையில் அம்புக்குறியும் இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான்கு மூலையும் சுருண்டு, உள்ளே தூசி புகுந்து, எழுத்தெல்லாம் மங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, தைப்புறை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் ரெக்ஸின் உறை இதற்கு மூதாதை. தொண்ணூறுகளில் அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மானிட்டருக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என இந்த மரபு மூன்றாகக் கிளைத்தது. அறைக்குள் நுழைபவர் செருப்பை வெளியே விட வேண்டும் என்ற விதியும் அதே காலத்தது.

மூன்றாவது, நாட்டுறை. ரிமோட்டுக்கு மாட்டும் பாலிதீன் பையும், அதன் வாயைக் கட்டும் ரப்பர் பேண்டும் சேர்ந்தது. நான்காவது, கடையுறை: பேக் கவர், ஃபிளிப் கவர், டெம்பர் கிளாஸ், லேப்டாப் கீபோர்டின் மேல் விரிக்கும் சிலிக்கோன் தாள்.

ரிமோட் உறையின் தொல்லியல்

இவற்றில் அதிகத் தரவு தருவது நாட்டுறையே. ரிமோட் உறை ஒரே சீராகக் கிழிவதில்லை. முதல் ஓட்டை வால்யூமின் மேல் விழும். அடுத்தது சேனல் மாற்றும் பொத்தானின் மேல். பிறகு எண்களில் ஒன்றிரண்டு. எந்தெந்த எண்ணின் மேல் பாலிதீன் வெளுத்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்த வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் ஓடும் சேனலைச் சொல்லிவிடலாம். மியூட் பொத்தானின் மேல் மட்டும் உறை கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருக்கும்.

அறிவியலும் உறையின் பக்கமே நிற்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகள் சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. மெல்லிய பாலிதீன் அதைத் தடுக்காது. ஆகவே டிவி மாறவில்லை என்றால் உறைமேல் யாரும் பழிபோடுவதில்லை. முதுகில் இரண்டு தட்டு, பேட்டரியைக் கட்டைவிரலால் ஒரு உருட்டு, அவ்வளவுதான்.

டெம்பர் சடங்கு

போன் திரையின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் செய்யும் கொரில்லா கிளாஸை, சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசிய உப்பில் முக்குகிறார்கள். கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து அமர்கின்றன. அந்த இறுக்கத்தால் மேற்பரப்பு வலுவடைகிறது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த கண்ணாடியைக் காப்பாற்ற நாம் அதன் மேல் 100 ரூபாய்க் கண்ணாடி ஒன்றை ஒட்டுகிறோம்.

ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டு. கடைப் பையன் போனை வாங்கி ஈரத் தாளால் துடைப்பான், பிறகு உலர்ந்த தாளால். மிச்சமிருக்கும் தூசியை ஒட்டு ஸ்டிக்கரால் ஒற்றி எடுப்பான். கண்ணாடியை விளிம்பு பார்த்து வைத்து, நடுவில் ஒரு விரலை அழுத்துவான். ஒட்டுப்பசை கறுப்பாக நாலு பக்கமும் படர்வதை வாடிக்கையாளர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கோ ஒரு குமிழ் நிற்கும். "ரெண்டு நாள்ல தானா போயிரும்ணே" என்பான். போகாது.

அட்டையில் 9எச் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். வைரம் பத்து என்று பள்ளியில் படித்தவர்கள், இது ஒன்பது போலும் என்று நிம்மதியாகப் பணம் கொடுக்கிறார்கள். வைரத்துக்குப் பத்து கொடுத்தது ஜெர்மானியர் ஃபிரீட்ரிஷ் மோஸ் 1812-இல் வகுத்த கனிம அளவுகோல். 9எச் என்பது பென்சில் முனையின் கடினம். அதாவது, அந்தக் கண்ணாடியைப் பென்சிலால் கீற முடியாது. மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு மோஸ் அளவில் மதிப்பு ஏழு. கண்ணாடி அதற்கும் கீழே. மெரினாவுக்குப் போய்வந்த போனைப் பென்சில் தாக்குவதில்லை.

மெலிவுக் கோட்பாடு

2025 மே மாதம் சாம்சங் 5.8 மில்லிமீட்டர் தடிமனில் எஸ்25 எட்ஜைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் ஆப்பிள் 5.6 மில்லிமீட்டரில் ஐபோன் ஏரைக் காட்டியது. இரண்டிலும் கேமரா மேடு கணக்கில் இல்லை. இந்த 0.2 மில்லிமீட்டருக்காகப் பொறியாளர்கள் எத்தனை இரவு விழித்தார்களோ தெரியாது; அந்த அளவைவிடப் பல மடங்கு தடிமனான கவரை நாம் அன்றைக்கே மாட்டிவிடுகிறோம்.

இரண்டு முன்னுதாரணங்கள்

உறை எதிர்ப்பாளர்கள் உறை போடுவதை அறியாமை என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2010-இல் வந்த ஐபோன் 4-இன் இடது கீழ் மூலையைக் கையால் மூடினால் சிக்னல் குறைந்தது. புகார் வலுத்ததும் ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்த தீர்வு, எல்லோருக்கும் இலவச உறை.

இன்னொன்று 2019 ஏப்ரல். ஏறத்தாழ 2,000 டாலர் விலையில் வரவிருந்த மடக்குபோன் கேலக்ஸி ஃபோல்டை, சாம்சங் முன்கூட்டியே விமர்சகர்கள் சிலரிடம் கொடுத்தது. திரையின் மேலிருந்த படலத்தைப் பிறப்புறை என்று நினைத்துச் சிலர் உரித்தார்கள். அது திரையின் ஓர் அங்கம்; திரை போயிற்று. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அந்தப் போனை மதுரையிலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டில் கொடுத்திருந்தால் இந்தச் சேதமே நேர்ந்திருக்காது. படலம் மூன்று தலைமுறைக்கு அப்படியே இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்றுதான்: சூடு. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில் சென்னை அதைக் காலையிலேயே தாண்டிவிடும். அதற்கு மேல் ஒரு ரப்பர் போர்வை வேறு.

பயனாளி யார்?

இவ்வளவு பாதுகாப்பையும் அனுபவிப்பவர் யார் என்பதே ஆய்வின் மையக் கேள்வி. வாங்கியவர் இல்லை. நீலமா பச்சையா என்று அரைமணி நேரம் யோசித்து வாங்கிய போனின் நிறத்தை அவர் அன்றோடு மறந்துவிடுகிறார். தினமும் பார்ப்பது வெயில்பட்டு மஞ்சளான கவரைத்தான். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் நாளில், கடைக்காரர் நகத்தால் நெம்பிக் கவரைக் கழற்றும்போது அந்த நீலம் மறுபடி வெளியே வருகிறது. "கவர்லயேதான் சார் இருந்துச்சு, ஒரு கீறல்கூட இல்ல" என்கிறார் உரிமையாளர், பெருமையோடு. தரவுகள் சுட்டுவது இதுதான்: அந்தப் போனை இவர் இத்தனை காலமும் முகம் தெரியாத இரண்டாம் உரிமையாளருக்காகப் பராமரித்திருக்கிறார், மாதத் தவணையும் இவரே கட்டியிருக்கிறார்.

அடுத்த கட்ட ஆய்வுக்கு ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கவர் போட்ட போனை, கவர் அழுக்காகிவிடும் என்று ஜிப் வைத்த பவுச்சுக்குள் போட்டு, அந்தப் பவுச்சைக் கைப்பைக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களை மேற்கண்ட நால்வகையில் எதில் சேர்ப்பது என்று தீர்மானிக்க முடியவில்லை. நேரில் விசாரிக்கலாம் என்று அழைத்தாலும், மணி அடிப்பது அவர்களுக்குக் கேட்பதில்லை.