முடி கம்மியா இருக்கட்டும் மாப்ள

வா மாப்ள. எங்க அக்கா, அதான் உன்னைப் பெத்தவ, வெள்ளனாவே போன் போட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சிருச்சு. தை மாசம் மகளுக்குக் கல்யாணம், மேடையில ஜம்முன்னு நிக்க விக்கு வாங்கியிருக்கியாம்ல? எடு வெளிய. என்கிட்ட என்ன கூச்சம்? ஆயுசு பூரா ராஜபார்ட்டு தலையில டோப்பா மாட்டுன கை இது.

ஆத்தாடி! இம்புட்டு முடி உனக்குப் பள்ளிக்கூடம் போன காலத்துலயே கெடையாதே. நெத்தி எங்கடா போச்சு? மீசையில பாதி வெள்ளை, தலையில அமாவாசை. கடைக்காரன் வித்துப்புட்டான், நீயும் வாங்கிப்புட்ட. அவனைச் சொல்லிக் குத்தமில்ல. முடி போனவன் கடைக்குள்ள நுழைஞ்சா, போன முடிய மட்டும் கேக்கமாட்டான். வட்டியும் முதலுமா சேத்துக் கேப்பான்.

நாடகத்துக்கு அப்படி வைக்கலாம். ‘வள்ளி திருமணம்’ விடியவிடிய நடக்கும், கடைசியில படுத்துக்கிட்டுப் பாக்குற கெழவிக்கும் முருகன் தலை தெரியணும், அதனால அள்ளி வைப்போம். உன் சம்பந்தி அவ்வளவு தூரத்துலயா இருக்கப்போறாரு? பந்தியில பக்கத்து எலை. சாம்பார் ஊத்துறவன் உன் உச்சந்தலைக்கு மேல குனிவான். அங்க அள்ளி வச்சா அம்புட்டுத்தான். முடி கம்மியா இருந்தாத்தான் கண்ணு தாண்டிப் போகும்.

அப்புறம் ஒண்ணு. நிச்சயத்தன்னிக்கே உன் வழுக்கைய அவுக வீட்டு வாண்டுல இருந்து தாத்தா வரைக்கும் பாத்தாச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கெளம்பாத. ரஜினி படத்துல விக்கு வைக்கிறாரு, வெளிய வெறுந்தலையோட வேட்டி கட்டிக்கிட்டு வர்றாரு. எவனாச்சும் கேள்வி கேட்டானா? தெரிஞ்சா தெரியட்டும்னு வை. மறைக்கணும்னு நெனச்சா கை நிமிசத்துக்கொருதரம் தலைக்குப் போகும். பாதிப்பேரைக் காட்டிக்குடுக்குறது விக்கு இல்ல, அந்தக் கை.

சரி, இது என்ன முடின்னாச்சும் கேட்டியா? ஒரிஜினல்னு சொன்னானா! உள்பக்கமாப் பாத்து ஒரே ஒரு முடிய உருவு. தீப்பெட்டிய எடு. மனுச முடின்னா தீயில காட்டுனதும் நாத்தம் மூக்கைத் துளைக்கும், தொட்டா சாம்பலா உதிரும். இந்தா, சுருண்டு முனையில கருப்பா உருண்டை கட்டிருச்சு பாரு. நகத்தால நசுக்கு. நசுங்குதா? கல்லு. இது சிந்தெடிக் இழை மாப்ள. அழாத, முதமுதல்ல வைக்கிறவனுக்கு இதுதான் தோது. விலை கம்மி, தொவச்சாலும் வெட்டுன வாக்கு மாறாம அப்படியே நிக்கும். ஆனா சூடு ஆகாது. சாதாரண இழையில டிரையர், அயர்ன் ரெண்டையும் காட்டாத. சமையக்கட்டுல இட்லிக்கொப்பரையத் தெறக்குற இடத்துல மூஞ்சிய நீட்டாத. பிரியாணி அண்டாகிட்ட போய் வெந்துச்சான்னு எட்டிப் பாக்குற பழக்கம் உனக்கு உண்டு. அந்த ஒத்த ஆவியில முன்முடி பூரா பொசுங்கிச் சுருண்டுக்கும். மறுபடி சீவி நிமித்தலாம்னு நெனைக்காத.

மனுச முடிதான் வேணும்னு அடம் புடிச்சா, அது தனிக் கதை. பழனியில உனக்கு மொட்டை போட்டப்ப உங்க ஆத்தாவும் இடுப்பு வரைக்கும் இருந்த முடிய முருகனுக்குக் குடுத்துச்சு. உன் பிஞ்சு முடி விக்குக்கு ஆகாது, அது குட்டை. ஆத்தா முடி கப்பல் ஏறியிருக்கும். பழனி, திருப்பதின்னு கோயில்ல விழுற நீட்ட முடிய ஏலம் போட்டு விக்கிறாங்கள்ல, அது விக்குக்காரனுக்குத் தங்கம். ஏன்னா, கட்டிவச்சுச் செரைக்கிறதால வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம். முடியில கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு. ஒத்த முடிய வெரல் ரெண்டுக்கு நடுவுல வச்சு நுனியில இருந்து வேருக்கு இழுத்துப் பாரு, சொரசொரன்னு தடுக்கும். செதிலெல்லாம் ஒரே பக்கம் படிஞ்சிருந்தா சிக்காது. தெருவுல சீப்பு முடிக்கு ஈயம் பித்தளை மாத்திட்டுப் போறானே, அந்தச் சிக்குமுடியில தலையும் காலும் கலந்து கெடக்கும். அதை அமிலத்துல போட்டுச் செதிலை உரிச்சு, மினுமினுப்பு ஏத்தி விப்பாங்க. கடையில பளபளக்கும், நாலு தொவையலுக்கு அப்புறம் குடுமிச்சண்டை.

2004-ல அமெரிக்காவுல புரூக்ளின்ல ஒரு கூத்து நடந்துச்சு. அங்க இருக்குற வைதீக யூதக் குடும்பத்துல, கல்யாணமான பொம்பளைக தன் முடிய வெளிய காட்டக்கூடாதுன்னு விக்கு வைப்பாக. இந்தியக் கோயில்ல காணிக்கையா விழுந்த முடி அதுல இருக்குன்னு தெரிஞ்சதும், ஜெருசலேம்ல பெரிய மதகுரு ஆகாதுன்னுட்டாரு. அம்புட்டு விலை குடுத்து வாங்குன விக்கைத் தெருவுல போட்டுக் கொளுத்துனாக. நம்ம ஊரு ஆத்தாக்க சாமிக்குன்னு குடுத்த முடி, அங்கிட்டுப் போய் சாமிக்கு ஆகாம எரிஞ்சுச்சு. என்னத்தச் சொல்ல.

இப்ப மாட்டுவோம், உக்காரு. மொதல்ல தலையத் துடை. எண்ணெய்ப் பிசுக்கோட வச்சா வழுக்கிக்கிட்டே கெடக்கும். இந்த வலைத்தொப்பிய இழுத்து மாட்டு, வேர்வைய அது வாங்கிக்கும். இப்ப விக்கை முன்னாடி புடி, பின்பக்கத்தைப் பெறகு எறக்கு. எறக்காதடா புருவத்துக்கு! முதல்ல வைக்கிறவன் அத்தனை பேரும் கீழதான் எறக்குவான், காத்துல பறந்துரும்னு பயம். புருவத்துக்கு மேல நாலு விரல் வை, அதுதான் கெடை. உன் வயசுக்கு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தாலும் நம்புவாங்க. காதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சின்ன மடிப்பு இருக்கு பாரு, ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்கணும். பின்கழுத்துல பட்டை இருக்கு, ஒரு கொக்கி இறுக்கு. தலை வலிச்சா இறுக்கம் அதிகம்.

பசை, டேப்பு எல்லாம் இப்ப வேணாம். ஒட்டித்தான் ஆகணும்னா, முந்துன நாளே துளிப் பசைய முழங்கைக்கு உள்பக்கம் தடவிப் பாரு. அரிச்சா, தடிச்சா தலைக்கு அது ஆகாது. நாடகத்துல பசை ஒத்துக்காம நெத்தி கொப்புளிச்சு, மறுநாள் நாரதர் வேசத்துக்குத் தலைப்பாகையோட வந்தவன் இருக்கான்.

ஆசைக்கு வைக்கிற உன்னைத்தான் நான் கேலி பண்றேன். கீமோ எடுக்குறவுக கதை வேற. மருந்து ஏத்தி ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடியே சொந்த முடியக் காட்டி விக்கு பாத்து வச்சுக்கணும். அவுகளுக்கு மண்டைத்தோல் எரியும். உள்ள மெத்துன்னு பருத்தித் தொப்பி, பசை கிட்டவே போகக்கூடாது. அவுககிட்ட ஒருத்தன் சிரிச்சான்னா அவனை என்கிட்ட அனுப்பு.

உன் விசயத்துக்கு வா. இதை நேரா சலூனுக்குக் கொண்டு போ. தலையில மாட்டிக்கிட்டே வெட்டச் சொல்லு, கையில வச்சு வெட்டக்கூடாது. பல்லு வச்ச கத்திரியால அடர்த்திய எடுக்கச் சொல்லு, கொஞ்சங் கொஞ்சமா. இது திரும்ப வளராது. வெட்டுறதுக்கு முன்னாடி, காதோரம் நரை கலந்த விக்கா மாத்தித் தருவானான்னு கடைக்காரனையும் கேளு. மாத்தலைன்னா மீசைய எடுத்துரு. என்னடா முறைக்கிற? ரெண்டுல ஒண்ணு.

வீட்டுல பத்து நாள் மாட்டிக்கிட்டு நடமாடு. மொதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கூட்டு. பைய குனி, துண்டை உதறு, தும்மு. ஹெல்மெட்ட மெதுவாக் கழட்டிப் பழகு. வெடுக்குன்னு இழுத்தா ரெண்டும் சேந்து வந்துரும், மண்டப வாசல்ல நாதஸ்வரக்காரன் ஊதுறத நிறுத்திருவான். படுக்கும்போது கழட்டிரு. தலைக்கும் காத்து வேணும்.

வீட்டுல உன் பொண்டாட்டி தேங்கெண்ணெய்யோட வருவா. ‘காஞ்சு கெடக்கே’ன்னு ஒரு கையி அள்ளித் தேய்க்கப் பாப்பா. தடுத்துரு. வேரில்லாத முடி அது, எண்ணெய் எங்க போகும்? தூசியத்தான் கூட்டும். தினமும் தொவைக்கவும் வேணாம். பத்துப் பதினஞ்சு தடவை மாட்டுனப்புறம் போதும். நம்ம ஊரு வேர்வைக்குக் கொஞ்சம் முன்னாடியே தொவை. மொதல்ல காஞ்ச முடியில சிக்கெடு, அகலப்பல் சீப்பு, நுனியில இருந்து மேல போ. ஒரு வாளியில பச்சத்தண்ணி, மூடி அளவு ஷாம்பு. விக்கை உள்ள அமுக்கி எடு. கசக்காத, முறுக்காத, வேட்டி தொவைக்கிற கல்லுப்பக்கம் போகாத. நல்ல தண்ணியில அலசி, துண்டுல சுருட்டி அமுக்கு. ஈரத்தோட சீவாம, கவுத்த குடத்து மேல போட்டு நிழல்ல காயவை. மனுச முடிக்குக் கண்டிஷனர் போடலாம், நுனிக்குத்தான்; அடியில முடிச்சுல பட்டா வழுக்கி முடி கழண்டுக்கிட்டே வரும்.

தினம் மாட்டுனா சிந்தெடிக்கு நாலஞ்சு மாசம் தாங்கும். நீ கல்யாணம், மறுவீடுன்னு விசேசத்துக்கு மட்டும் வச்சா பேரன் காதுகுத்துக்கும் ஆகும். அலமாரியில வலை போட்டு மூடி வை, எலிக்கு இதுல கூடு கட்ட ரொம்ப ஆசை.

சரி, கெளம்பு. மத்தியானமானா சலூன்காரன் சாத்திட்டுப் போயிருவான். மஞ்சப்பையில போட்டுக் கொண்டு போ. மாட்டிக்கிட்டு பஸ் ஏறி, சன்னலோரம் உக்காந்துராத.