ஆமையின் பசியும் வீட்டாரின் கைகளும்: வண்டலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பாற்கடலைக் கடைந்து முடிக்கும்வரை மந்தர மலையைச் சுமந்த ஆமைக்கு எத்தனை வேளை உணவு என்ற கேள்வியை நம் உரையாசிரியர்கள் தொடாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையின் விளைவை இன்று வண்டலூர், ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் அடுக்ககங்களில் காணலாம். அங்கே கண்ணாடித் தொட்டியில் நீந்துவது அநேகமாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை போட்ட அமெரிக்க ஆமை. பூர்வீகம் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. வளர்ப்போர் வழக்கில் இதற்கொரு சூத்திரம் உண்டு: தலை எவ்வளவோ அவ்வளவு பெல்லட், குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், கூடவே கீரை. தலையை உள்ளே இழுத்திருக்கும்போது அளப்பதா, நீட்டியிருக்கும்போதா என்று சூத்திரம் சொல்லவில்லை. நீட்டிய தலையே கொள்ளத்தக்கது. மற்றதன்படி ஆமை பட்டினி.

சூத்திரத்தில் பிழையில்லை, பிழை குடும்ப அமைப்பில் இருக்கிறது. காலையில் பேப்பர் படித்து முடித்த தாத்தா ஒரு தலையளவு போடுகிறார். பள்ளி விட்டு வந்த பேத்தி இன்னொன்று. இரவு மின்சார ரயிலில் நசுங்கி வந்து சேரும் அப்பா, தன்னைக் கண்டதும் ஓடிவரும் ஒரே ஜீவன் இதுதான் என்ற நெகிழ்ச்சியில் மூன்றாவதைப் போடுகிறார். மூவரில் எவரும் விதியை மீறவில்லை. ஆகவே ஆமைக்குப் போகும் தீனி அதன் பசியைப் பொறுத்ததன்று, வீட்டிலுள்ள கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்று தொட்டியிலேயே கிடைக்கும்: நாறும் தண்ணீர், ஓட்டுக்கு வெளியே பிதுங்கும் தொடைச் சதை. ஆளைக் கண்டதும் கழுத்தை நீட்டி வருகிறதே, அது பசியில்லையா என்பர் பூர்வபட்சக்காரர். ஆள் வந்தால் தீனி வரும் என்று அது படித்துவிட்டது, அவ்வளவுதான். தன் உடம்பைத் தானே சூடாக்கத் தேவையில்லாத பிராணிக்கு, அதே எடையுள்ள பூனை தின்பதில் சிறு பங்கே போதும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும்; மார்கழியில் அது கொஞ்சம் முகம் திருப்பினால் வற்புறுத்த வேண்டியதில்லை. வெறும் வயிறாகப் போடுவது பாவமில்லையா? நாட்டின் பல உயிரியல் பூங்காக்களில் புலிக்கும் சிங்கத்துக்குமே வாரம் ஒருநாள் இறைச்சி கிடையாது. வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை இருப்பதுபோல் ஆமை வயிற்றுக்கும் விடுமுறை வேண்டும். சனிக்கிழமை விரதம் இருக்கும் பாட்டி ஆமைக்கு மட்டும் விலக்கு அளிப்பது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

நட்சத்திர ஆமையின் கணக்கு வேறு. நம் புதர்க்காடுகளில் புல், பூ, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி என்று அதுவே தேடித் தின்னும். வீட்டில் அதற்கு எவ்வளவு போடலாம் என்பதற்குத் துல்லியமான விடை பூஜ்யம். 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் புலியோடு உட்காரவைத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடிக்கடி பிடிபடுவதும் இதுவே. முதல் அட்டவணைக் குற்றத்துக்குச் சிறை மூன்று முதல் ஏழு ஆண்டு. ஆமை புகுந்த வீட்டையும் அமீனா புகுந்த வீட்டையும் பழமொழி தனித்தனியாக எண்ணியது. சட்டம் இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்துவிட்டது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். தொட்டி ஆமை பெருத்துப்போனால் பீர்க்கங்கரணை ஏரியில் விட்டுவிடாதீர்கள். உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும் இனம் அது. பெல்லட் டப்பாவை வீட்டில் ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள், அப்பாவிடம் வேண்டாம்.