ஆல்-இன்-ஒன் மாமா

தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோடில் இறங்கும் மாதுங்கா மாமாவை மும்பை லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தோளில் ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு இஞ்ச் டேப், ஒரு தனி ஆவர்த்தன சிடி. வாங்கமாட்டார் என்பதும் தெரியும். இருந்தாலும் "ஆயியே அங்கிள்" என்று ஸ்டூலைத் தள்ளிப் போடுவார்கள். அவர் உட்கார்ந்திருக்கும் வரை மற்ற கிராக்கிகளுக்கு விளக்கம் சொல்ல ஆள் வேண்டாமே!

மாமாவுக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ரேடியோ, சிடி, யூஎஸ்பி, புளூடூத், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கவேண்டும். பெட்டி 14 இஞ்சுக்கு மேல் போகக்கூடாது. பகலில் ஹால், ராத்திரியில் பெட்ரூம் என்று பெயர் மாற்றிக்கொள்ளும் அந்த ஒரே அறையில், டிவிக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே மிச்சம் இருப்பது அவ்வளவுதான். ஆனால் சத்தம் மட்டும் சண்முகானந்தா ஹால் மாதிரி வரவேண்டும். 2,700 நாற்காலிக்கு மேல் உள்ள ஹால் அது. அதிலும் 1990-ல் தீப்பிடிப்பதற்கு முன்னால் கேட்ட நாதமா, 1998-ல் மறுபடி திறந்த பிறகு கேட்டதா என்று ஒரு உட்பிரிவு உண்டு.

கடைப் பையன் குத்துப் பாட்டைப் போட்டுப் பெட்டியை அதிரவைப்பான். மாமா தன் சிடியை நீட்டுவார். "மிருதங்கத்தோட தொப்பி உறுமணும்ப்பா, அலறக்கூடாது." தமிழ் தெரியாத பையன் தலையாட்டுவான்.

வாட் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. தொண்ணூறுகளில் ஆளுயர ஸ்டிக்கரில் 2,000 வாட் பிஎம்பிஓ என்று போட்டு விற்றார்களே, அப்போதே பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்தவர் அவர். அதில் மின் செலவு 60 வாட் என்று இருக்கும். "60 உள்ளே போனா 2,000 எப்படிடா வெளியே வரும்? பாங்க்ல இப்படிக் கணக்கு எழுதினா உள்ளே தள்ளிடுவா." கேட்கவேண்டியது ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தரக்கூடிய வாட் என்பார். சரிதான். ஒரு சின்ன அறைக்கு இருபது வாட்டே தாராளம். அதற்கு மேல் திருகினால் மாடி வீட்டுக்காரர் சொசைட்டி செக்ரட்டரியோடு இறங்கி வருவார்.

இவ்வளவும் தெரிந்தவர், இடது ஸ்பீக்கரும் வலதும் பிரிந்து கேட்கிறதா என்று காதை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் வேடிக்கை. ஒரு முழம்கூட இல்லாத பெட்டியில் பிரிவதற்கு எங்கே இடம்? தவிர, அவர் கேட்கப்போவது அரியக்குடியும் ஜி.என்.பி.யும். அந்தக் காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு பக்கமும் ஒரே அரியக்குடிதான்.

வாங்கலாம் என்று மனம் இளகும் நாளில் தாராவி ஞாபகம் வந்துவிடும். 90 அடி ரோடு பக்கம் அவருடைய பழைய டூ-இன்-ஒன்னுக்கு ரப்பர் பெல்ட் மாற்றும் திருநெல்வேலிக்காரர் ஒருமுறை சொல்லிவிட்டார்: "எல்லாம் ஒண்ணா இருந்தா ஒண்ணு போனாலும் எல்லாம் போச்சு சார். சிடி லென்ஸ் மங்கிச்சுன்னா ரேடியோவும் சேர்ந்து நம்ம கடைக்குத்தான் வரும்." மாமா அடுத்த வாரமே தனித்தனியாக வாங்கினால் என்ன என்று யோசித்தார். தனித்தனிக்கு 14 இஞ்ச் போதாது. மறுபடி ஆல்-இன்-ஒன்.

புனேயில் இருக்கும் மகன் கார்வான் பாட்டுப் பெட்டி வாங்கி அனுப்புகிறேன் என்றான். 5,000 பாட்டு ஏற்கெனவே ஏற்றி 2017-ல் வந்ததே, அதுதான். "எவனோ பொறுக்கின பாட்டை நான் ஏண்டா கேக்கணும்?" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

இதற்குள் அவர் சொல்லி வாங்கிய செட்டுகள் பில்டிங்கில் பல வீடுகளில் பாடுகின்றன. செம்பூர் சம்பந்தி வீட்டில்கூட ஒன்று இருக்கிறது. காபிக்குப் போனால் முதலில் அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திவைத்து, பாஸ் இரைச்சலைக் குறைத்துவிட்டுத்தான் டபராவைத் தொடுவார்.

மாமி காத்திருக்கவில்லை. செல்ஃபோனில் பாட்டைப் போட்டு, எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவிட்டு வெண்டைக்காய் நறுக்குகிறாள். நன்றாகவே கேட்கிறது. மாமா சமையலறை வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டிரெபிள் ஜாஸ்தியா இருக்கே. பித்தளைச் சொம்புல வெச்சுப் பாரேன்."

"புளி போட்டுத் தேய்க்கறது நீங்கன்னா வெக்கறேன்."

மாமா பரணில் எந்தச் சொம்பு அகலம் என்று பார்க்க இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.